குட்டி டிராக்டரின் டேங்கில் மண்

எங்கள் ஊர் மெக்கானிக் சங்கத்தார் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதற்கு ஒரு கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த இரண்டு இளைஞர்கள் தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: 'அன்றும் இன்றும்'. அந்த வம்புக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எல்லாம் பொன், இன்றைக்கு எல்லாம் தகரம் என்று எழுதினால் கைதட்டுவார்கள். ஆனால் அது பச்சைப் பொய். அன்றைக்கு ஒரு பேரிங்குக்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸில் நாயாக அலைந்திருக்கிறோம். இன்றைக்குப் போனில் படம் அனுப்பினால் பொருள் வாசலுக்கு வருகிறது. இதில் எது மேல் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்த பிறகு, அவர்களில் ஒருவர் வாசலில் நின்று ஒன்று கேட்டார். "ஐயா, எல்லாம் சரியாத்தான் மாட்டுதோம். ஆனா சில வண்டி அதே கோளாறோட திரும்பத் திரும்ப வருது. நீங்கள்லாம் அப்பம் என்ன செய்வீங்க?"

இது கேட்க வேண்டிய கேள்வி. கேட்டவுடன் எனக்குப் பரமசிவத்தின் வண்டி ஞாபகம் வந்துவிட்டது. தலைப்பை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த தேவசகாயம் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பரீட்சை என்னைக் கைவிட்டிருந்தது. முதலில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினேன், பிறகு நட்டு கழற்றினேன், அதற்குப் பிறகு என்ஜினைப் பிரித்து மாட்டினேன். வேலை பழகியதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அடி வாங்கவில்லை, திட்டு மட்டும் வயிறு நிறைய வாங்கினேன்.

ஆயில் என்ஜின், பம்புசெட், பெரிய டிராக்டர் எல்லாம் எங்களிடம் வரும். ஆனால் சுற்று வட்டாரத்தில் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை பழைய குட்டி டிராக்டர்கள்தான். வெள்ளைக்காரர்கள் மலை எஸ்டேட்டுகளிலும் பங்களாத் தோட்டங்களிலும் ஓட்டிய வண்டிகள் அவை. எஸ்டேட்டுகள் கைமாறியபோது ஏலத்தில் கீழே இறங்கி வந்தன. ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். ஒரே சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்பி ஓட்ட வேண்டும். எலுமிச்சைத் தோப்புக்காரர்களுக்கு அவற்றின் மேல் கண். எலுமிச்சை தாழப் படரும் மரம், போதாததற்கு முள் வேறு. பெரிய டிராக்டரை உள்ளே விட்டால் பாதித் தோப்பை முறித்துவிடும். குட்டி வண்டி வரிசைக்கு நடுவே சமர்த்தாகப் போய்வரும். ஸ்பேர் மட்டும் உலகத்திலேயே கிடைக்காது. ரிங் வேண்டுமா, வார்ப்பிரும்பில் கடைந்துகொள்ள வேண்டியதுதான். பல்சக்கரத்தில் பல் போனால், வெல்டிங் வைத்து நிரப்பி அரத்தால் ராவி ராவிப் பல் எழுப்புவோம்.

தேவசகாயம் அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வார். சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். "எண்ணெய் எங்கன இருந்து எங்கன போவுதுன்னு தெரிஞ்சவன் மேல எதுக்குவே அழுக்குப் படணும்?" என்பார். என் சட்டையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.

வண்டி வந்ததும் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். வண்டிக்காரரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே தானும் உட்கார்ந்துகொள்வார். "மொதல்ல இருந்து சொல்லும்" என்பார். அவர் கேட்கிற கேள்விகள் விசித்திரமாக இருக்கும். வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது, மேலே கோழி அடைகிறதா, எண்ணெய் ஊற்றுவது யார், புனல் எங்கே தொங்குகிறது. வந்தவர்கள் சிலர் எரிச்சல்படுவார்கள். அண்ணாச்சிக்கு எங்களிடம்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தவர்களிடம் வரவே வராது. கேட்டு முடித்த பிறகு தரையில் ஒரு பழைய வேட்டியை விரிப்போம். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அதில் வைக்க வேண்டும். அந்த வேட்டியை யாராவது தாண்டிவிட்டால் போச்சு, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி சத்தம் போடுவார்.

பரமசிவத்துக்குச் சிவகிரிப் பக்கம் ஒரு சிற்றூர். மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்பு. புளி உலுக்க மரம் ஏறியபோது கிளை முறிந்து விழுந்து, இடது கால் விளங்காமல் போய்விட்டது. கம்பை ஊன்றி அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பார். மாட்டுக்குப் பின்னால் நடந்து உழ முடியாது. ஆள் வைத்து உழவும் மனசு வரவில்லை. அவருடைய தம்பி, "தோப்ப எனக்குக் குத்தகைக்கு விட்டுட்டு நீ சும்மா இரேன்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த 'சும்மா இரு' பரமசிவத்தைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. யாரோ எஸ்டேட் ஏலத்தைப் பற்றிச் சொல்ல, மாடுகளை விற்று ஒரு குட்டி டிராக்டரை வாங்கி, அதை மாட்டு வண்டியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். டிராக்டர் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதைப் பார்க்க எதிர் டீக்கடையே காலியாகிவிட்டது.

"நடக்க முடியாட்டி என்ன அண்ணாச்சி, உக்கார முடியும்லா? உக்காந்து உழுதுட்டுப் போறேன்" என்றார் பரமசிவம்.

அந்த வண்டியை உயிர்ப்பிக்க ஒரு கோடைகாலம் முழுவதும் ஆயிற்று. பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினோம். பெரிய சிக்கல் கிளட்ச். அதை இடது காலால் அல்லவா மிதிக்க வேண்டும்? அண்ணாச்சி கரித்துண்டால் தரையில் வரைந்து வரைந்து அழித்தார். கடைசியில் பெடலை எடுத்துவிட்டு, ஒரு கம்பியை வளைத்து, கையால் இழுக்கிற லீவராக மாற்றினார். ஜீப்பின் கைப்பிரேக் மாதிரி ஒரு கொக்கியும் வைத்து, இழுத்த இடத்தில் நிற்கும்படி செய்தார். அண்ணாச்சியின் வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

வண்டியை எடுக்க வந்த அன்றைக்குப் பரமசிவம் ஏறுவதற்காக நான் கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"கைய எடும். நானே ஏறிக்கிடுவேன்."

மட்கார்டைப் பிடித்து, எம்பி, சறுக்கி, மறுபடி எம்பி, வேர்த்து விறுவிறுத்து ஏறினார். அவர் மனைவி கோமதி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தள்ளியே நின்றார். கிட்டே போனால் என்ன நடக்கும் என்று அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. நான் கூடவே தோப்பு வரை போனேன். பரமசிவம் முதல் வரிசையை உழுது முடித்து, வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பின்னால் மண் புரண்டு கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு வண்டி திரும்பி வந்தது. பெட்ரோலில் நன்றாகக் கிளம்புகிறது, மண்ணெண்ணெய்க்குத் திருப்பினால் கொஞ்ச தூரம் ஓடி, இருமி, நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைப் பிரித்தோம். மண்ணெண்ணெய் வருகிற துளையில் மண் அடைத்திருந்தது. துளையை ஊதி, டேங்கைக் கழுவி, ஓட்டிப் பார்த்தோம். பட்டறையைச் சுற்றி நாள் முழுக்க ஓடியது, ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச நாளில் மறுபடி வந்தது. மறுபடி மண். டேங்குக்குள் துரு உதிர்கிறதோ என்று, சங்கிலியும் சரளைக் கல்லும் போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்தோம். வடிகட்டியின் கம்பி வலைக்கு மேல் துணியும் வைத்துக் கட்டினோம். மண்ணெண்ணெயில்தான் கலப்படம் என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். நேரே எண்ணெய்க் கடைக்குப் போய், கடைக்காரரை நாலு பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். பிறகு அந்தக் கடை எண்ணெயை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தோம். அடியில் ஒரு தூசி படியவில்லை. அண்ணாச்சி சட்டையை மாற்றிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

மூன்றாம் தடவை வண்டி வந்தபோது புரட்டாசி முடிகிற நேரம். ஐப்பசி மழைக்கு முன்னால் தோப்பை உழுதாக வேண்டும். உழுதது பாதிகூட இல்லை. பரமசிவம் ஸ்டூலில் உட்காரவில்லை. கம்பை ஊன்றி நின்றபடியே பேசினார்.

"அண்ணாச்சி, உங்க மேல குத்தம் இல்ல. யாரோ டேங்க்ல மண்ணக் கொண்டு போடுதான். யாருன்னும் தெரியும். தோப்பக் கேட்டவன் எவனோ அவந்தான். என் கூடப் பொறந்தவன்."

"பார்த்தீரா வே?"

"பாக்கணுமா? வண்டி நின்னா லாபம் யாருக்கு? கேட்டேன். இல்லன்னு பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுதான். அன்னையிலயிருந்து பேச்சு இல்ல." கம்பால் தரையைத் தட்டினார். "மழைக்கு முந்தி உழலன்னா குத்தகைக்கு விடுதத தவிர வழியில்ல. விட்டுட்டு நான் வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கணும். சொல்லுதேன் கேளுங்க, மண்ணப் போட்ட கை எந்தக் கையா இருந்தாலும் வெட்டாம விடமாட்டேன். இந்த வண்டி மேல ஆணை."

வண்டியின் மூடி மேல் ஓங்கி அடித்துச் சொன்னார். பின்னால் நின்ற கோமதியின் முகம் வெளிறிப்போனது. புருஷன் கொலைகாரனாகிவிடுவானே என்ற பயம் என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணாச்சி பரமசிவத்தை எதிர்க் கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு, வேட்டியை விரிக்கச் சொன்னார். நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் அடிக்கிண்ணத்தில் படிந்திருந்ததை அவர் விரலில் எடுத்து, தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்த்தார்.

"ஏலே லிங்கம், இங்கன வா. இது தோப்பு மண்ணு இல்ல. தோப்பு மண்ணு நறநறக்கும். இதுல மணலே இல்ல, சந்தனம் கணக்கா கரையுது. ரோட்டுப் புழுதியும் இல்ல. வம்புக்குப் போடுதவன் இப்படிச் சலிச்சு எடுத்தா போடுவான்? கையில கெடைச்சத அள்ளிப் போட்டுட்டுப் போவான்லா?"

நானும் தொட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடையைப் பொருட்படுத்தாமல், கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த துளியைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். அண்ணாச்சி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் வயிற்றுவலி வந்தாலும், உடம்பில் தேமல் வந்தாலும், என் அம்மா கோயிலிலிருந்து வாங்கிவந்து வாயில் ஒரு துளி போட்டு மேலெல்லாம் பூசிவிடுவது இதைத்தான். எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் இந்த ருசி மறக்காது.

"அண்ணாச்சி, இது புத்துமண்ணு. கோயில் பிரசாதம்."

அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த மண்ணைப் பார்த்திருக்கிறாரே தவிரத் தொட்டதில்லை. "எதுக்குக் குடுக்காங்க?" என்று கேட்டார்.

"தீராத நோவுக்கு."

அண்ணாச்சி உள்ளங்கையைத் துடைத்தார். பிறகு வாசல் தூணருகே நின்ற கோமதியைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் முகம் ஏன் வெளிறியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தப்புச் செய்தோம் என்று அவர் அதுவரை நினைத்திருக்கவே மாட்டார். புருஷன் ஆணையிட்டபோதுதான் மண் என்றால் எந்த மண் என்று உறைத்திருக்கும்.

"இத யாரு அவர்கிட்ட சொல்லுதது?" என்றேன். "ஆணை வேற போட்டுட்டாரு. சொல்லலன்னா தம்பிய வெட்டப் போவாரு."

"நான் சொன்னா வேதக்காரன் சாமியக் கேலி பண்ணுதான்னு ஆவும். நீ சொன்னா, வேலைக்காரப் பய பொண்டாட்டியக் காட்டிக்குடுத்தான்னு ஆவும்" என்றார் அண்ணாச்சி. பிறகு எழுந்து போய், பித்தளைத் தகடு ஒன்றைத் தேடி எடுத்தார். கத்தரித்து, மடித்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு டப்பி செய்தார். அதற்கு ஒரு கீல் மூடியும் வைத்தார். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே, ஸ்டீயரிங்குக்கு முன்னால் அதைப் பற்றவைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பற்றவைக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

பிறகு கோமதியை உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, டேங்க்ல போட்டது நீங்கதான்னு தெரியும். பயப்படாதீங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கோமதி அழவில்லை. தைரியமாகவே சொன்னார். "மரத்துல இருந்து விழுந்தப்பம் இவுக கால்ல புண்ணு ஆறவே இல்ல. ஆஸ்பத்திரில கால எடுக்கணும்னுட்டாங்க. அம்மன் மண்ணத்தான் போட்டேன். ஆறிச்சு. நடக்க வராட்டாலும் காலு நின்னுச்சு. இப்பம் இந்த வண்டிதான அவுகளுக்குக் காலு? வெள்ளிக்கிழம கோயிலுக்கு வந்தா ஒரு சிட்டிக கொண்டுபோய்ப் போடுவேன். வண்டி இருமி நின்னுட்டுன்னா மனசு கேக்காது, கூட ரெண்டு சிட்டிக போடுவேன்."

வண்டிக்கு நோவு வர வர மருந்து கூடிக்கொண்டே போயிருக்கிறது. இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடுகிறேன், புற்றுமண்ணில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. வயிற்றுக்குப் போட்டுக்கொள்கிறேன், கார்புரேட்டருக்கு ஆகாது.

"அம்மா, அது மண்ணெண்ண ஊத்துத வாய். சாமி பிரசாதம் போவக்கூடிய இடமா?" என்றார் அண்ணாச்சி. டப்பியைக் காட்டினார். "இனிம இங்கன வைங்க. அவரு கண்ணு முன்னால இருக்கும். டேங்க்ல ஒரு துளி விழக்கூடாது. மத்தத அவர்கிட்ட சொல்லுததும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா தம்பி மேல பழி நிக்கக் கூடாது. அத நான் சொல்லியே ஆவணும்."

கோமதி தலையை ஆட்டினார்.

பரமசிவம் டீ குடித்துவிட்டு வந்தார். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றார்.

"பரமசிவம், மண்ணப் போட்டது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. உம்ம தம்பி இல்ல. வேதத்து மேல சத்தியமாச் சொல்லுதேன். இனிம விழாது."

"அப்பம் யாரு?"

"அத நான் சொல்லமாட்டேன்."

"ஆணை போட்டிருக்கேன் அண்ணாச்சி. யாருன்னு சொல்லாம நான் இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்." பரமசிவத்தின் கை கம்பில் இறுகியது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

அப்போது கோமதி முன்னால் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அன்று காலை கோயிலில் வாங்கிய சின்னப் பொட்டலத்தை எடுத்தார். டப்பியின் மூடியைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். டப்பி சின்னது என்பதால் கொஞ்சம் வெளியே சிந்தி, வண்டியின் மேல் விழுந்தது. மூடியைச் சாத்திவிட்டு, அந்தக் கையை ஒளிக்காமல் டப்பி மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பரமசிவம் சிந்திக்கிடந்த மண்ணைப் பார்த்தார். விரலால் தொட்டார். கிண்ணத்தில் நாங்கள் எடுத்துவைத்திருந்த சேற்றைப் பார்த்தார். தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். அவருடைய கோபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவர் வண்டிக்குப் பக்கத்தில் இழுத்து இழுத்து வந்தார். கம்பை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மட்கார்டில் ஒரு கையை வைத்தார். எம்பவில்லை.

"ஏட்டி கோமதி," என்றார். "கையக் குடு. ஏறணும்."

அந்த ஐப்பசிக்கு முன்னால் தோப்பு முழுவதையும் அவரே உழுதார். வண்டி மறுபடி நின்றுவிட்டால் உதவ, பேச்சு முறிந்திருந்த தம்பியே வரப்போரம் கூடவே நடந்தாராம். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்களிடம் ரிங்குக்கும் வால்வுக்கும் மட்டும்தான் வந்தது. வருகிற போதெல்லாம் கோமதியும் கூட வருவார். வேலை முடிந்து பரமசிவம் கையை நீட்டும்போது, பட்டறையில் நாங்கள் யாரும் கிட்டே போவதில்லை.